எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடு

அக்கா,

இன்று காலை பால்காரர் ஊற்றிய பாலில் ஒரு மடக்குக் குடித்ததும் என் நாக்கு மேலண்ணத்தை இரண்டு முறை தட்டியது. "எருமைப்பால் கலந்திருக்குதுங்க" என்றேன். அவர் கேனைக் கீழே வைத்துவிட்டார். "உங்கக்காவும் இப்படியேதானுங்க நாக்கைத் தட்டிட்டுச் சொல்லுவாங்க." அதற்குமேல் நிற்காமல் மூடுபனிக்குள் இறங்கிப் போய்விட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? குன்னூரில் நாம் மொறுமொறு வர்க்கி ரொட்டி சுட்டு விற்ற கடையில் மாவுக்கு டால்டா கூடிவிட்டதா என்று நாக்கில் வைத்துச் சொன்னவள் நீதானே. எனக்கு எல்லாம் ஒன்றுதான். நீ ஒரு வர்க்கியைப் பாதி கடித்துவிட்டுப் போதும் என்பாய். நான் தட்டைக் காலி செய்வேன். "ஏண்டி, உன்றது நாக்கா, செருப்புத் தோலா?" என்று சிரிப்பாய். நானும் சிரிப்பேன். உள்ளே எரியும்.

கோயமுத்தூரிலிருந்து ஊட்டச்சத்து படிக்கிற பிள்ளைகள் வந்தார்களே, நினைவிருக்கிறதா? மணமும் நிறமும் காட்டிக்கொடுக்காதபடி நம் மூக்கில் கிளிப் மாட்டி, சிவப்பு விளக்கின் கீழ் மூன்று கோப்பைப் பால் வைத்தார்கள். ஒன்றில் மட்டும் கொஞ்சம் கொழுப்பு. எப்படி மாற்றி வைத்தாலும் உன் விரல் அந்தக் கோப்பைக்கே போனது. எனக்கு மூன்றும் ஒரே பால்.

"கொழுப்பு ருசி தெரியாத நாக்கு லேசுல போதும்னு சொல்லாதுங்க. ஓயாம கொழுப்பா தின்னா இன்னும் மந்தமாகும். விட்டா மெல்லத் திரும்பும்" என்றாள் அவர்களில் ஒருத்தி. என் பருத்த உடம்புக்கு ஒரு காரணம் கிடைத்ததே என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு நீ போனாய். வழக்கப்படி கருமாதி வரை வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. அது முடிந்தும் எனக்கு வைக்க மனம் வரவில்லை. மாதக்கணக்காகக் கஞ்சியும் வேகவைத்த கீரையும்தான். நாக்கு விழித்துக்கொண்டது. அந்தப் பெண் சொன்னதுதான் நடந்தது, சரி. ஆனால் இந்தத் தட்டுகிற பழக்கத்தை எனக்கு யார் கொடுத்தது? போன வாரம் உன் ரவிக்கையைப் போட்டுப் பார்த்தேன். தைத்து வைத்ததுபோல் பொருந்தியது. கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன்.

டாக்டர் திட்டுகிறார். "இளைச்சது போதும்மா. இனியும் நெய், எண்ணெய் சேர்க்கலைன்னா படுத்துருவீங்க."

சேர்த்தால் நாக்கு மறுபடி மந்தமாகிவிடுமே, அக்கா. நெய்யைத் தொட்டால் நீ போய்விடுவாய். தொடாவிட்டால் நான் உன்னிடம் வந்துவிடுவேன். இரண்டுக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.

மதியம் சோற்றில் ஒரு கரண்டி நெய் விட்டேன். முதல் வாயிலேயே நாக்கு தட்டியது. நெய் பழசு என்றது. அழுதுகொண்டே தட்டை முடித்தேன்.

இன்னும் இருக்கிறாய். நாளைக்கும் நெய் விட வேண்டும்.