கூழில் நஞ்சு வைத்தவளாம்

18 பெப்ரவரி 1975, செவ்வாய்

வெயில். காற்று அசையவில்லை. துறைமுகப் பக்கமிருந்து எண்ணெய் நாற்றம். பேக்கரியில் பாண் கியூவில் நெடுநேரம் நின்று அரை இறாத்தல், அதுவும் ஒரு பக்கம் கருகியது.

செய்ய வேண்டியவை: முதலாம் திகதி என் புருஷன் அருளப்புவின் ஆண்டுப் பூசைக்குப் பங்குச் சுவாமியிடம் பெயர் கொடுக்க. கூழுக்கு ஒடியல் மா. சல்லிக் கிராமத்து மீன்காரரிடம் நண்டு சொல்லிவிட. குடைக் கம்பி கட்ட.

தவக்காலத்துக்குச் சீனியை விட்டிருக்கிறேன். கொலைக் கதைகளை விடவில்லை. அவற்றை வாசிப்பதே ஒரு தவம்தான்.

அடுத்த வீட்டு ரபியா தந்த மூன்று புத்தகங்களும் முடிந்தன. அவள் புருஷன் பெரியகடைத் தெருவில் புத்தகம் வாடகைக்குக் கொடுக்கிறவர். நல்லது எதுவும் அவரிடம் வருவதில்லை.

(அ) சென்னைப் பதிப்பு, இறக்குமதித் தடைக்கு முந்தியது. அட்டையில் துப்பாக்கி, பெண். துப்பறிகிறவர் பக்கத்துக்குப் பக்கம் காப்பி குடிக்கிறார், மூளையைப் பாவித்ததாக ஒரு பக்கமும் இல்லை. கடைசியில் கொலைகாரனுக்கு ஓர் இரட்டைச் சகோதரன். அதுவரை பேச்சே இல்லாத ஒருவனை இறுதி அத்தியாயத்தில் பெற்றெடுப்பதற்குப் பெயர் மர்மமல்ல, மோசடி.

(ஆ) ஆங்கிலம். கப்பற்காரர் யாரோ விட்டுப்போனது, அட்டை இல்லை. மொழி சுத்தம், அந்த மட்டில் ஆறுதல். ஆனால் கொலைகாரர் வைத்தியர் என்று விருந்து மேசையிலேயே தெரிந்துவிட்டது. எல்லோரும் சமையலைக் குறைசொல்ல அவர் ஒருவர்தான் புகழ்கிறார். அதற்குப் பிறகு இருநூறு பக்கம் வீண்.

(இ) கொழும்பு அச்சு. இந்தியப் புத்தகங்கள் வராததால் இப்போது பேனா வைத்திருப்பவன் எல்லாம் எழுத்தாளன். கடத்தல் கதை. நாயகன் கிண்ணியாத் துறையிலிருந்து சீனக்குடா வரை நீந்துகிறான். கரையேறியதும் சுடுகிறான். துப்பாக்கி நனையவில்லை. தலைமயிரும் கலையவில்லை என்று வேறு எழுதியிருக்கிறார்.

ரபியாவிடம் சொன்னேன். கதைதானே அக்கா, நீங்க கணக்குச் சோதினை மாதிரிப் பாக்கிறீங்க என்றாள். புதிதாக ஒன்று வந்திருக்கிறதாம், இந்த ஊர்க் கதையாம், கடையில் நிற்க நேரமில்லாமல் ஓடுகிறதாம். கொண்டுவா என்றேன். முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. பாண் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

20 பெப்ரவரி, வியாழன்

மப்பு வானம். மழை இல்லை.

பாண் கியூவில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். குடையின் மறைவில் நான் நிற்பது தெரியாமல் ஒருத்தி: "இந்தப் புத்தகத்தில வாறது அந்த மனிசிதான். கூழுக்குள்ள வச்சவவாம்." மற்றவள் திரும்பிப் பார்த்தாள். பாண் வாங்காமல் வந்துவிட்டேன்.

நேரே ரபியா வீடு. பத்திரிகைத் தாளில் சுற்றித்தான் தந்தாள். வாசிக்காதீங்க அக்கா என்று வாசல் வரை வந்தாள்.

'உட்துறைமுக மர்மம்'. ஆசிரியர் ஒரு புனைபெயருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார். பயனில்லை. முதற் பக்கத்திலேயே இரண்டு 'மையிருட்டு'. இது துறைமுகக் கந்தோரில் அருளப்புவின் கீழ் வேலை பார்த்த இராசநாயகம். போன வருடம் அப்பியாசக் கொப்பியில் ஒரு கதை எழுதிக் கொண்டுவந்தவர். முதல் வரியிலேயே மையிருட்டு. வளவில் தக்காளி போடச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். இன்றும் அதே அபிப்பிராயம்.

கதை: துறைமுகக் கந்தோரில் ஒரு தலைமை லிகிதர். மனைவி கொன்வென்ரில் படித்தவள், கறுப்புக் குடைக்காரி, பிறர் பேச்சைத் திருத்துகிறவள். ஒருநாள் கூழில் நஞ்சு கலந்து கணவனுக்குக் கொடுக்கிறாள். அன்றிரவே இறக்கிறான். வைத்தியர் இருதயம் என்று எழுதிவிடுகிறார்.

அருளப்பு இறந்தது ஏழு வருடத்துக்கு முன். பின்னேரம் கூழ் குடித்தார், இரவு போனார். இருதயம். அதற்கு முன் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தவர். ஊருக்கே தெரியும்.

தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

22 பெப்ரவரி, சனி

இரண்டாம் முறை வாசித்தேன், பென்சிலோடு. கோபத்தோடு வாசித்தால் பிழைகள் தப்பிவிடும்.

எலிப் பாஷாணத்தை அவளே போய், பட்டப்பகலில், தன்னை அறிந்த கடையில் வாங்குகிறாள். கன்னியாஸ்திரிகளிடம் பத்து வருடம் படித்தவளுக்கு இவ்வளவும் தெரியாதா?

காரணம் என்ற ஒன்று இல்லவே இல்லை. 'குளிர்ந்த நெஞ்சக்காரி' என்று மூன்று இடத்தில். அது காரணமல்ல, வசை.

பிடிபட்டதும் இன்ஸ்பெக்டரின் காலில் விழுந்து அழுகிறாள். சீ.

எல்லாவற்றிலும் பெரிய பிழை கூழ். கணவனுக்கு மட்டும் தனியே ஒரு கோப்பையில் கொடுக்கிறாளாம். ஒருவருக்கென்று கூழ் காய்ச்சும் வீடு எங்கே இருக்கிறது? நண்டு, இறால், மீன், பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை எல்லாம் போட்டு ஒரு பானை. ஓர் அகப்பை. சுற்றிவர இருந்து எல்லோரும் பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடிப்பது. பானையில் நஞ்சென்றால் வந்தவர்கள் எல்லோரும் போயிருக்க வேண்டும். இராசநாயகமும். அன்று இந்த முற்றத்தில் இருந்து மூன்று பிளா குடித்துவிட்டு ஏப்பம் விட்ட மனிதர். குடித்த கூழையே ஒழுங்காக எழுதத் தெரியாதவருக்குக் கொலை எதற்கு?

அருளப்பு இன்னும் ஒரு பிளா கேட்டார். காணும், போதும், நெஞ்சுக்கு ஆகாது என்றேன். இது புத்தகத்தில் இல்லை. இருக்கவும் வேண்டாம்.

25 பெப்ரவரி, செவ்வாய்

காயவைத்த இறாலைக் காகம் கொண்டுபோய்விட்டது. சுவாமி ஆறரைப் பூசை என்கிறார். 

ஆண்டுதோறும் பூசையன்று பின்னேரம் இங்கே கூழ். அவரோடு இருந்து குடித்தவர்களுக்கு. யாரையும் இரண்டாம் தரம் கூப்பிட்டதில்லை, கேள்விப்பட்டாலே வந்துவிடுவார்கள். இம்முறை செய்திமேல் செய்தி. கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறவருக்குத் தவக்கால உபவாசமாம். இதுவரை ஒரு வெள்ளிக்கிழமைகூட இறைச்சிப் பொரியலை விடாதவர். பின்வீட்டாருக்கு, குடும்பத்தோடு, வயிற்றோட்டம்.

மத்தியானம் ஞானம் வந்தாள். அருளப்புவின் ஒரே தங்கை. கதிரையில் இருக்கவில்லை. தேத்தண்ணி வேண்டாமாம்.

"பூசைக்கு வருவன் மச்சாள். கூழுக்கு ஏலாது. வயித்துக்குள்ள ஒரு மாதிரி."

புத்தகம் வாசித்தாயா என்று கேட்டேன். ஓம் என்றாள்.

"நம்பிறியோ?"

சுவரில் தமையனின் படத்தைப் பார்த்தாள். "அண்ணை அண்டைக்கு நல்லாத்தானே இருந்தவர்" என்றாள். போய்விட்டாள்.

இராசநாயகம் குப்பை. அதைத் தாங்கலாம். ஞானம் குப்பையல்ல. சவப்பெட்டி மூடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். சனிக்கிழமை இந்த முற்றம் வெறுமையாகக் கிடந்தால், அதற்குப் பிறகு அருளப்பு எப்படி இறந்தார் என்பதற்கு இந்த ஊரில் அந்தப் புத்தகம்தான் பதில்.

ரபியா வழக்குப் போட அப்புக்காத்திடம் போகச் சொல்கிறாள். இல்லாவிட்டால் கூழை விட்டுவிட்டு ஏழைகளுக்குச் சோற்றுப் பார்சல் கொடுக்கட்டாம். இரண்டும் ஒப்புக்கொண்டதற்குச் சமம். கூழ்தான்.

27 பெப்ரவரி, வியாழன்

கச்சான் காற்று வீசும் நடுக்கோடை மாதிரி ஒரு புழுக்கம், இந்த மாதத்திலேயே. குடை சரி.

இராசநாயகம் வீட்டுக்குப் போனேன். முன் விறாந்தையில் அவருடைய புத்தகம், அட்டை தெரிய வைத்திருந்தது. மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடித்தேன், முழுவதும். சனிக்கிழமை கூழுக்கு வரவேண்டும் என்றேன்.

"அது கற்பனை, மிஸிஸ் அருளப்பு. ஒருத்தரையும் குறிச்சு எழுதேல்லை."

"குறிச்சு எழுதேல்லையெண்டா வந்து குடிக்கிறதுக்கு என்ன?"

மனைவி சிரிப்பை மறைக்கத் தட்டத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். அவர் வேர்வையைத் துடைத்தார். வருவாராம். அட்டைப் படத்தில் இறங்குதுறை தலைமாறி இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன்.

வரும் வழியில் ரபியாவின் புருஷனின் கடையில் ஏறி, சனிக்கிழமை இராசநாயகம் என் வீட்டில் கூழ் குடிக்கிறார் என்று மட்டும் சொன்னேன். சாயந்தரத்துக்குள் ஊர் முழுக்கப் பரவும். நண்டை இரட்டிப்பாக்கச் சொல்லியாயிற்று.

1 மார்ச், சனி

பூசை நன்று. பிரசங்கம் நீளம். ஞானம் கோயிலில் எனக்குப் பின்வரிசை வாங்கில் இருந்தாள், பக்கத்தில் அல்ல.

நான்கு மணிக்கு முற்றம் நிறைந்துவிட்டது. உபவாசக்காரரும் வயிற்றோட்டக்காரரும் முன்னால். இராசநாயகம் வெள்ளைக் காற்சட்டையில், நடுவில், மனைவியோடு. ஞானமும் வந்தாள். ஆனால் வேலிப் படலையோடு நின்றாள்.

எல்லோருக்கும் ஒரே பானையிலிருந்து, எல்லோரும் பார்க்க, வார்த்தேன். பிளாக்களை வாங்கினார்கள். ஒருவரும் வாயில் வைக்கவில்லை. எல்லோரும் இராசநாயகத்தைப் பார்த்தார்கள். இராசநாயகம் கூழைப் பார்த்தார்.

தன் கதையை நம்பிய ஒரே ஆசிரியர் இவராகத்தான் இருக்கும்.

"நீங்கள் குடிக்கேல்லையோ, மிஸிஸ் அருளப்பு?" என்றார்.

"பரிமாறுறவள் கடைசியாத்தான் குடிக்கிறது. உங்கட மனிசியைக் கேளுங்கோ."

நானே ஒரு வாய் குடித்துக் காட்டியிருக்கலாம். ரபியா கண்ணால் கெஞ்சினாள். பிறகு தன் பிளாவைத் தானே தூக்கினாள். பொறு என்று கைகாட்டினேன். அவள் குடிப்பதால் என்ன ஆகும், அவள் ஒருநாளும் சந்தேகப்பட்டவளல்ல. நான் குடிப்பது அதைவிட மோசம். என் வீட்டு முற்றத்தில், என் புருஷனின் நாளில், கூண்டில் ஏறிச் சாட்சி சொல்வதா? அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பானையோடு சேர்த்துப் பிடித்தேன். கூழ் ஆறத் தொடங்கி மேலே ஆடை படிந்தது.

ஞானம் படலையை விட்டு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. இராசநாயகத்தின் கையிலிருந்த பிளாவை வாங்கினாள். நின்றபடியே குடித்தாள், முழுவதையும், நண்டுக் கால் உட்பட. சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள்.

"உப்புக் காணாது மச்சாள்" என்றாள்.

அதற்குப் பிறகு முற்றத்தில் உறிஞ்சும் சத்தம் மட்டும். இராசநாயகம் வேறு பிளா கேட்டு வாங்கினார். ஞானம் கதிரையை இழுத்துப் பானைக்குப் பக்கத்தில் போட்டு, எல்லோரும் போகும்வரை இருந்து, அடியையும் வழித்துக் குடித்தாள். போகும்போது உப்பைப் பற்றி மறுபடியும் சொன்னாள்.

உப்புச் சரியாகத்தான் இருந்தது.