சேந்தியைத் தருவதற்கில்லை

நலம் பெருகுக. கழிமுகமும் உப்பளமும் காக்கும் பெருந்துறை நாட்டு அரசி அலைவாய்க்கோதையார் திருவாணையால், அமைச்சன் பூதங்குமரன் விடுக்கும் ஓலை. மலையும் மிளகும் யானையும் உடைய குறும்பொறை நாட்டு வேந்தர் வெயின்மாறர் திருக்கண் சாத்துக. தங்கள் குன்றுகளில் மழை பொய்யாதிருக்க. தங்கள் குடிகள் பசியறியாதிருக்க.

எம் மடைப்பள்ளியில் மீன் அறுக்கும் சேந்தி விருந்தில் தங்களை இகழ்ந்தாள் என்றும், நிறைமதிக்குள் அவளை ஒப்புவிக்காவிடில் மலைக்கணவாய் அடைபடும் என்றும் தங்கள் தூதர் எயினங்கோ எழுதினார். நடந்ததைத் தாங்கள் அவர் வாயால் மட்டுமே கேட்டீர். எம் வாயாலும் கேட்டருள்க.

சேந்தி பரதவர் குடியிற் பிறந்தவள். இருபதாண்டாய் அரண்மனைப் பணியில் இருப்பவள். உடன்படிக்கை விருந்தன்று தொட்டியில் இரண்டு முழக் கொடுவா மீன் ஒன்று உயிரோடு கிடந்தது. தூதர் மடைப்பள்ளிக்குள் புகுந்து, அதை உயிரோடே செதிலுரித்து, துடிக்கத் துடிக்கத் தட்டில் வைத்துச் சபைக்குக் கொணருமாறு பணித்தார். சேந்தி கைகூப்பி, இத்துறையில் அவ்வழக்கம் இல்லை என்றாள். மீனுக்கு ஏது நோவு, அது கத்துகிறதா என்று தூதர் நகைத்தார். கத்தாததெல்லாம் நோகாததா ஐயா என்று கேட்ட அவள், ஈரத்துணியால் மீனைப் பற்றி, கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியால் கண்ணுக்குச் சற்றுப் பின்னே ஓங்கி ஓரடி அடித்தாள். செவுள் அசைவு நின்றது. கண்ணும் அசையவில்லை என்று குனிந்து பார்த்து உறுதி செய்த பின்னரே செவுளறுத்துக் குருதி வடித்தாள். தம் சொல்லை மறுத்தது தங்களையே இகழ்ந்ததாகும் என்று தூதர் வாட்பிடியில் கைவைத்தார்.

தூதர் ஓலை வந்ததும் அவை கூடியது. மிளகு வாராதே என வணிகர் அஞ்சினர். தூதர் காலில் விழுந்து பொறுத்தருள வேண்டினால் போதும் என்று யாமும் அவளுக்கு உரைத்தோம். வெட்கத்தோடே இதை எழுதுகிறோம்.  அவளோ, ஊருக்குக் கேடு வருமாயின் குறும்பொறைக்குப் போகிறேன், ஆனால் செய்தது பிழையென்று மட்டும் சொல்லேன், கொல்வது என் தொழில், வதைப்பது என் தொழிலன்று என்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

அரசியார் அரியணை விட்டெழுந்தார். நீ எங்கும் போக வேண்டா, உலை கொதிக்கிறது, போய் உன் வேலையைப் பார் என்றார். அவை அவ்வளவில் கலைந்தது.

ஆகவே வேந்தே, அறிக. சேந்தியைத் தருவதற்கில்லை. கணவாயை அடைப்பதாயின் அடைத்துக்கொள்க; மிளகின்றி உண்ண யாம் பழகுவோம், உப்பின்றி உண்ணத் தங்கள் நாடு பழகட்டும். இன்றுமுதல் எம் பதினெட்டுத் துறைகளிலும் மீனை அடித்து உணர்விழக்கச் செய்த பின்னரே அறுத்தல் வேண்டும். மூச்சுமுட்டத் தரையில் கிடத்திச் சாகவிடுதலும், உயிரோடு சாம்பலில் புரட்டுதலும் செதிலுரித்தலும் குற்றம் எனப் பறை சாற்றினோம். அவ்வாணை தூதர்க்கும் ஒக்கும். எம் கரையில் தாங்களே வலை வீசினும் ஒக்கும்.

இதை எழுதும் வேளையில் சேந்தி துறையில் நிற்கிறாள். படகு படகாய் ஏறி, எவ்விடத்தில் அடிக்கவேண்டும் என்று பரதவர்க்குக் காட்டி வருகிறாள்.

இது அரசியார் சொல். இரட்டைச்சுறா இலச்சினை இட்டோம். ஓலை கொணர்வோன் மறுமொழிக்குக் காத்திராது திரும்பக் கடவன்.