எதிர்ப்பதம் பிடித்து வந்த பேச்சு

பேத்தி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். “தாத்தா, ஃபிரெண்டுக்கு எதிர்ப்பதம் என்ன?” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘எனிமி’ என்று சொல்ல வாயெடுக்கும் முன்னே உம்முடைய முகம் வந்து நின்றது. அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

ஒரே பள்ளிக்கூடத்தில் நாம் இருவரும் இங்கிலீஷ் வாத்தியார்கள். சண்டை போடாத நாள் உண்டா? நான் சரி என்றால் நீர் தப்பு என்பீர். ஓய்வு பெற்ற பிறகும் மேலப்பாளையத்தில் உம் வீடு தேடி வந்து மிச்சச் சண்டையைப் போட்டேன். அப்பேர்ப்பட்ட வாயைத்தான் பக்கவாதம் வந்து அடைத்துப்போட்டது. காபி வேண்டுமென்றால்கூடக் கையை ஆட்டினீர். பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு.

அப்போது உம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நிக்காஹ் சபையில், பெண்ணைக் கொடுத்தேன் என்று தகப்பன் மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும். உம் தம்பி பைய வந்து, “காக்கா, ஒங்களுக்குப் பதிலா இமாம் சொல்லிருவாரு. நீங்க தலைய அசைச்சாப் போதும்” என்றார். அதுவும் வழக்கத்தில் உள்ளதுதான். நீர் தலையை அசைத்தீர், மாட்டேன் என்று. அந்த வீம்பு இருக்கிறதே, அப்பப்பா!

உமக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் படம் படமாகக் காட்டிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் நான் ஜன்னலைக் காட்டி ‘டே’ என்றேன். ‘நைட்’ என்று பட்டென்று வந்தது உமக்கு! காலமெல்லாம் வகுப்பில் எதிர்ப்பதம் கேட்டே பழகிய நாக்கு அல்லவா? “அதையே பிடிச்சுக்கிடுங்க சார்” என்றாள் அந்தப் பெண்.

அன்றிலிருந்து தினமும் காலையில் நமக்கு அதுதான் வேலை. ‘கெஸ்ட்’ என்றால் ‘ஹோஸ்ட்’. ‘லாஸ்’ என்றால் ‘கெய்ன்’. வியர்த்து ஊற்றும், விடமாட்டீர். ஆனால் தமிழ் மட்டும் ஒரு சொல் வரவில்லை. எனக்கே நம்பிக்கை போய்க்கொண்டிருந்த ஒரு காலையில் ‘ஃபிரெண்ட்’ என்றேன். நீர் இடது கையைத் தூக்கி நேரே என்னைக் காட்டினீர்.

“நீருதாம்வே.”

அடுப்படியிலிருந்து உம் வீட்டம்மா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். நான் அழுதுவிட்டேன். உடம்பு படுத்தினாலும் குசும்பு போகாத மனுஷனை என்ன செய்ய?

நிக்காஹ் அன்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தீர். மகள் பேரைத் தெளிவாகச் சொன்னீர். “நிக்காஹ் செஞ்சு...” என்றதும் நின்றுபோயிற்று. உம் தம்பி இமாமின் காதருகே குனிந்தார். உம் கண் கூட்டத்துக்குள் என்னைத் தேடியது. நான் எழுந்து நின்று, சத்தம் வராமல், ‘எடுத்தேன்’ என்று உதட்டை அசைத்தேன்.

“கொடுத்தேன்” என்றீர். மண்டபம் முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டதாகச் சொன்னது என் காதில் விழவேயில்லை.

நீர் போன பிறகு பள்ளிக்கூடத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். “ஒங்களால முடியாது சார், எழுதிக் குடுங்க, நாங்க வாசிச்சிருதோம்” என்றார்கள். மாட்டேன் என்றேன். பாதியில் எனக்கு வாய் அடைத்தது. உதடு அசைக்க எதிரே நீர் இல்லை. எல்லோரும் உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. சொல் வரும்வரை நின்றேன்.