உறவுமுறைக் கட்டம்

அண்ணா,

ஜெயித்துவிட்டோம். உன் ஏரிக்கரை நிலத்தில் என்றைக்கும் யாரும் கட்டடம் கட்டக்கூடாதென்று நீயாகவே கொடுத்த விண்ணப்பத்தை எங்கள் நிலப் பாதுகாப்புக் குழு நேற்று ஏற்றுக்கொண்டது.

நான் ஓட்டுப் போடவில்லை. உறவினரின் விண்ணப்பம் வந்தால் அந்த உறுப்பினர் வெளியே போக வேண்டும் என்பது விதி. "உங்களுக்குள்ளதான் பேச்சுவார்த்தையே இல்லையே, உக்காருங்க. நீங்க போயிட்டா மீதி நாலு பேர்ல ஒரு ஓட்டு குறைஞ்சாலும் விண்ணப்பம் கவுந்துடும்," என்றார் தலைவரான பல் டாக்டர்.

"பேசலைன்னா உறவு இல்லைன்னு ஆயிடுமா?" என்று எழுந்துவிட்டேன்.

வராந்தாவில் நகத்தைக் கடித்தபடி நின்றேன். உள்ளே கைதட்டல் கேட்டது. நான்கு பேரும் கை தூக்கினார்களாம்.

எதற்குச் சண்டை போட்டோம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எட்டு வருடமாக என் வாயில் வராத சொல்லை, வெளியேறும் உறுப்பினர் காரணம் எழுதும் பதிவேட்டின் உறவுமுறைக் கட்டத்தில் எழுதியிருக்கிறேன்: அண்ணன். பக்கத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. அதையும் இனி யாராலும் மாற்ற முடியாது.

உன் தங்கை