பலகையில் தூவிய மாவு

அந்தப் பலகையில் தூவியிருந்தது அரிசி மாவா, கோதுமை மாவா? எனக்கு இன்றும் தெரியாது.

நேற்று ராவாங் பேரங்காடியில் ஒரு கடலை மிட்டாய் பாக்கெட்டை எடுத்தேன். முன்பக்கத்தில் 'கோதுமை சேர்க்காதது' என்று பெரிதாகப் போட்டிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தேன். கோதுமைப் பண்டங்கள் செய்யும் ஆலையிலேயே இதையும் செய்கிறார்களாம். திரும்ப வைத்துவிட்டேன். தோழி, உன் நினைவு வந்தது.

எண்பதுகளில், உனக்கிருந்த சீலியாக் நோய், கோதுமை குடலுக்கு ஆகாத நோய், என்றால் உங்கள் தோட்டக் குடியிருப்பில் யாருக்குத் தெரியும்? "கோதுமை, பார்லி இரண்டும் வேண்டாம்" என்று மருத்துவர் சொன்னதை உன் அம்மா சப்பாத்திக்கு மட்டும் தடை என்று எடுத்துக்கொண்டார். முதல் வேலை நேர்முகத்தில், காத்திருந்த பசியில் நீ ஒரு பன்னைத் தின்றாய். பெயரைக் கூப்பிட்டபோது நீ கழிவறையில் இருந்தாய். அந்த வேலை போயிற்று.

அடுத்த நேர்முக அழைப்பு வந்ததும், பையில் வைத்துக்கொள்ள ஏதாவது வாங்கலாமென்று கோலா சிலாங்கூருக்குப் போனோம். பலகாரக் கடையின் பின்கட்டில் கடலைப் பாகைக் கொட்டித் தட்டிக்கொண்டிருந்தார்கள். பலகை முழுவதும் வெள்ளையாக மாவு.

"இது என்ன மாவு, அக்கா?" என்று கடைக்காரப் பெண்ணிடம் கேட்டேன்.

"ஒட்டாம இருக்கத் தூவுறதுதான். எது கையில இருக்கோ அது. கடலையும் சீனியும்தான் லா தங்கச்சி, தின்னா செத்தா போவீங்க?"

நீ சிரித்தாய். "நான் செத்தாலும் இவ விசாரிச்சிட்டுத்தான் அழுவாக்கா."

வாங்காமல் திரும்பினோம். உங்கள் லயத்து வீட்டு அடுப்பில் நானே பாகு காய்ச்சினேன். தட்டில் வாழையிலையைப் போட்டுத் தேங்காயெண்ணெய் தடவினேன். தட்டையாக்க, சுவரோரம் இருந்த உருளைக் கட்டையை எடுத்தேன்.

"ஏய் விஞ்ஞானி! அது எங்க வீட்டுச் சப்பாத்திக் கட்டைடீ!"

இருவரும் சிரித்து முடிப்பதற்குள் பாகு பாதி இறுகிவிட்டது. கழுவிய சோடா போத்தலால் உருட்டினோம். மேடும் பள்ளமுமாக வந்தது. இலையும் பாதி ஒட்டிக்கொண்டது.

போன மாதம் உன் தம்பி தொலைபேசியில் செய்தியைச் சொன்னான். எந்த மருத்துவமனை, யார் பார்த்தது, நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டேன். எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் அழுதேன். நீ சொன்னது சரி.

எதையும் திருப்பிப் பார்க்காமல் வாயில் போடும் பழக்கம் எனக்கு இன்றுவரை வரவில்லை. அன்று நாம் செய்ததாவது முழுக்கச் சுத்தமா? அதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்த அடுப்படியில் எத்தனையோ சப்பாத்தி சுட்டிருப்பார்கள். மறுநாள் நேர்முகத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். காலையில் போன உன்னை மாலைவரை உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் கறி பப்ஸ் வாங்கித் தின்றார்கள். நீ இலையை உரித்து உரித்து நம் கடலை மிட்டாயைத் தின்றாய்.

கடைசியாக உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நீ அங்கே இருந்தாய்.