பத்தாவதாக வந்த வெள்ளைக் குட்டி

என் அன்பு மச்சான் சவரிமுத்து,

முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள். வரியில் நில் என்றால் நிற்பதில்லை. பட்டியைத் திறந்ததும் நம் ஆடுகள் ஓடுவதுபோல ஒன்று மேலே போகிறது, ஒன்று கீழே போகிறது. இந்த நாலு வரிக்கே விரல் வலிக்கிறது. ஆனாலும் பார்த்தாயா, எழுபத்திரண்டு வயதில் உன் அத்தான் நான் உனக்குக் கடிதம் எழுதுகிறேன்!

நீ கண்ணை மூடிய பிறகு கோயில் மண்டபத்தில் வயதானவர்களுக்கு எழுத்துப் படிப்பிக்கத் தொடங்கினார்கள். உன் அக்காவுக்குச் சொல்லாமல் போய்ச் சேர்ந்தேன். இப்போது பஸ் போர்டை நானே வாசிக்கிறேன். மருதானை. இரத்மலானை. யாரையும் கேட்பதில்லை. ஒருநாள் வேலை ஒன்றும் இல்லாமலே மருதானையில் இறங்கி, கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டு நடந்தேன். ஒரு சாப்பாட்டுக் கடையின் முன்னால் நின்று பலகையை உரக்க வாசிக்க, முதலாளி எட்டிப் பார்த்து, "மொனவாத ஓனே, சீயா?" என்று கேட்டான். என்ன வேண்டும் தாத்தா என்று சிங்களத்தில் கேட்கிறான். ஒன்றும் வேண்டாம் தம்பி, வாசிக்கிறேன் என்றேன். அவனும் சிரித்தான்.

அந்தச் சந்தோஷத்தில்தான் நீ விட்டுப்போன வேதப் புத்தகத்தைத் திறந்தேன். திறந்த நாளிலிருந்து ஒரு கிழமையாக அதில் ஒரே பக்கத்திலேயே நிற்கிறேன்.

நாம் நேர்த்தி வைத்தது உனக்கு நினைவிருக்கும். ஆடுகளெல்லாம் வயிறு ஊதி விழுந்த வருடம். இவை பிழைத்தால், பிறக்கும் குட்டிகளில் பத்தில் ஒன்று ஆண்டவருக்கு என்று நீ சொன்னாய். நான் ஓம் என்றேன். ஒரு நல்ல குட்டியாகப் பார்த்துக் கோயில் திருநாள் விருந்துக்குக் கொடுத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். நீ விடவில்லை. "அப்படியில்லை அத்தான். மோசே சொன்ன முறை ஒண்டு இருக்கு" என்றாய்.

ஒடுங்கிய வாசல். குட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வர வேண்டும். வாசலில் ஒருவன் சிவப்புப் பூசிய கோலோடு நிற்க வேண்டும். பத்தாவதாக வரும் குட்டியின் முதுகில் கோல் பட வேண்டும். கொழுத்ததா, மெலிந்ததா, நொண்டியா என்று பார்க்கக் கூடாது. மாற்றவும் கூடாது. ஏன் இவ்வளவு கரைச்சல் என்று நான் கேட்டேன். "நாங்கள் தெரிஞ்செடுத்துக் குடுத்தால் அது எங்கட பெருமை, அத்தான். வாசலால தானா வந்தால்தான் அவர் எடுத்தது" என்றாய். துறைமுகத்தில் முப்பது வருடம் கப்பல் சாமான்களை எண்ணி எழுதியவன் நீ. அதே துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன் நான். எண்ணிக்கை விஷயத்தில் உன்னோடு வாதாட எனக்கு வாய் இருக்கவில்லை.

பத்தாவதாக வெள்ளைச்சி வந்தாள். தாய் செத்தபின் உன் அக்கா திரேசா போத்தலில் பால் கொடுத்து, மடியில் வைத்து வளர்த்த குட்டி. என் கோல் அவள் முதுகில் பட்டுவிட்டது. நீ அந்த நேரம் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாய். நான் அவளைத் தூக்கி உள்ளே விட்டேன். பின்னால் வந்த நொண்டிக் கிடாயின் முதுகில் கோலை வைத்தேன். "பத்து!" என்று கத்தினேன்.

நொண்டியைக் கொடுத்தது பிழையில்லை, மச்சான். அது பத்தாவதாக வந்திருந்தால்.

வெள்ளைச்சியின் முதுகை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். சிவப்பு போய் இளஞ்சிவப்பு நின்றுவிட்டது. அடுத்த நாள் நீ அவளைப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "என்ன அத்தான், இந்த ஆடு வெத்திலை போடத் தொடங்கிட்டுதோ?" நாம் இருவரும் சிரித்தோம். நீ பகிடி விடுகிறாய் என்றுதான் நான் நினைத்தேன்.

மறுவருடம் அந்தச் சட்டத்தைப் புத்தகத்திலிருந்தே வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தாய். மாற்றக் கூடாது என்ற இடத்தில் புத்தகத்தை மூடினாய். "அவ்வளவுதானா?" என்றேன். "அவ்வளவுதான் அத்தான்" என்றாய்.

அவ்வளவு இல்லை. இன்னும் ஒரு வரி இருக்கிறது. எழுத்துக் கூட்டி, மூன்று நாள் எடுத்து வாசித்தேன். அப்படி ஒருவன் மாற்றிவிட்டால், கொடுத்ததும் ஆண்டவருக்கு, மறைத்ததும் ஆண்டவருக்கு. இரண்டும் அவருடையவை. மீட்க வழியில்லை.

அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் உன் கையெழுத்து: "இங்கே நிறுத்து. அடுத்தது அத்தானுக்கு வேண்டாம்."

அதை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. என்னால் ஒருநாளும் வாசிக்க முடியாது என்ற நம்பிக்கையில் எழுதியிருக்கிறாய். உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. என் மானத்துக்காக மறைத்தாயா, உன் அக்காவின் கண்ணீருக்காகவா? நோயில் கிடந்தபோதாவது நீ என்னிடம் கேட்டிருக்கலாமே, மச்சான்?

திரேசாவிடம் சொன்னேன். வெள்ளைச்சியிடம் பால் கறந்துகொண்டிருந்தாள். எங்கள் தேத்தண்ணீருக்கு அவளுடைய பால்தான். கறந்த கை நிற்கவில்லை.

"இப்ப என்ன செய்யப் போறீங்கள்?"

"கொண்டுபோய்க் குடுக்க வேணும்."

"இந்த வருசம் குட்டி ஒன்பதுதானே. ஒன்பதுக்குக் குடுக்கத் தேவையில்லையெண்டு தம்பியே சொன்னவன். பங்குச் சுவாமியும் எதிர்பார்க்கமாட்டார். ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"வாசிக்கப் பழகி என்ன கண்டீங்கள்? என்ர ஆட்டைப் பறிக்கத்தான் பழகினீங்களோ?"

மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை 'டங்' என்று வைப்பாள். ஒரு மனம், அவள் சொல்வது சரிதானே, கிழவனுக்கு ஏன் இந்த வீம்பு என்றது. மற்ற மனம் புத்தகத்தைத் திறந்து திறந்து பார்த்தது. வாசிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன் என்றுகூட ஒருநாள் நினைத்தேன். ஒரே ஒருநாள்தான்.

இன்று சனிக்கிழமை. காலையில் கோலில் சிவப்புப் பூசினேன். பாதி பெயின்ட் உடுத்திருந்த சாரத்தில் ஊற்றுண்டது. வாசலைத் திறந்தேன். வெள்ளைச்சி வந்தாள், நானும் கோலை அவள் முதுகில் வைத்தேன், பழைய இடத்திலேயே. திரும்பிப் பார்த்தால் திரேசா கயிற்றோடு நிற்கிறாள். தடுக்கத்தான் வந்தாள் என்று பயந்துபோனேன்.

"விடுங்கோ. உங்களோட வரமாட்டாள். நான் கூட்டிக்கொண்டு வாறன்" என்றாள்.

கொட்டாஞ்சேனை ரோட்டால் மூன்று பேரும் போனோம். கோயில் முற்றத்தில் சுவாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்கத்தில் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"சூசை ஐயா, அது பழைய சட்டம். நீங்கள் இதைத் திருப்பிக் கொண்டுபோகலாம்" என்றார்.

"கொண்டுபோய் மூண்டு வருசமாச்சு, சுவாமி. இப்பதான் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறன்."

அவர் குனிந்து வெள்ளைச்சியின் முதுகிலிருந்த சிவப்பைப் பார்த்தார். பிறகு திரேசாவைப் பார்த்து, "திருநாள் சமையலுக்குத் தாறீங்களா, பாலுக்கு வைச்சிருக்கத் தாறீங்களா?" என்று கேட்டார்.

பாலுக்கு என்று ஒரு சொல் சொன்னால் போதும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

உன் அக்கா கயிற்றை அவர் கையில் கொடுத்தாள். "அதைச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை, சுவாமி. தெரிஞ்செடுக்கப் போய்த்தானே இவ்வளவும்" என்றாள்.

உன் சொல்லை உன் அக்கா வாயால் கேட்டேன், மச்சான். நீ அருகில் நின்றதுபோல இருந்தது.

இப்போது வெள்ளைச்சியைக் கோயிலுக்குப் பின்னால் கட்டியிருக்கிறார்கள். கத்துவது இங்கே கேட்கிறது. சுவாமி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. திரேசா பாலில்லாத வெறுந்தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள். என்னோடு கதைத்தாள்: "சீனி போதுமோ?" என்றாள். எழுத்துப் படிப்பிக்கும் மிஸ், நான் எழுதுவதை அறிந்து, இந்தக் கடிதத்தைக் கோயில் பத்திரிகையில் போடலாமா என்று கேட்டார். போடட்டும். இனி மறைத்துவைக்க ஆடும் இல்லை, வரியும் இல்லை.

உன் புத்தகத்தில் ஒன்று எழுதினேன், கோபிக்காதே. உன் பென்சில் எழுத்துக்குக் கீழே, என் கோணல் எழுத்தில்: "வாசித்துவிட்டேன்."

அடுத்த ஞாயிறு திருநாள் விருந்து. பந்தியில் நானும் உன் அக்காவும் இருப்போம். இலையில் என்ன விழுந்தது, சாப்பிட்டோமா, எழும்பிப் போனோமா என்பதை அந்தக் கிழமையே உனக்கு எழுதுவேன். உள்ளதை உள்ளபடி எழுதுவேன். இந்தமுறை நடுவில் நிறுத்தமாட்டேன்.

உன் அக்காவைக் கட்டியவன்,
உன் அத்தான் சூசை