ஓஸ்மோவின் தடம்

ஏப்ரல் 7
கூரையிலிருந்து முதல் சொட்டு. கடையில் எல்லாரும் பல்லைக் காட்டுகிறார்கள், வசந்தம் வந்துவிட்டதாம். எனக்குப் பனி இன்னும் இரண்டு மாதம் கிடந்தால் போதும். கிடங்குக்குப் பின்னால் என் நாய் ஹல்லாவைப் புதைத்த மேடு அதுவரை மறைந்திருக்கும்.

அக்டோபரில் அதைச் சுட்டவன் ஏரியின் எதிர்க்கரை ஓஸ்மோ. என் நாய் அவன் வளர்க்கும் பனிமான்களைத் துரத்தியதாம். ஒன்பது வருஷம் கோழியைக்கூடத் துரத்தாத நாய்.

ஏப்ரல் 12
வெள்ளைக் குருவிகள் வந்து குப்பை மேட்டைக் கிளறுகின்றன. காலையில் பனியின் மேல் தளம் இறுகி ஆளைத் தாங்குகிறது. மதியம் தொடைவரை இறங்கிவிட்டேன், ஒரு பூட்ஸ் உள்ளேயே போயிற்று. தோண்டி எடுக்கும்போது உறைந்த ஏரியின் மேல் ஓஸ்மோவின் மோட்டார் பனிவண்டி போனது. நின்று பார்த்தான். சிரித்திருப்பான்.

ஏப்ரல் 16
புதர்களில் வெள்ளிப் பஞ்சு மொட்டு. பார்க்கப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 19
ஓடை ஏரியில் சேரும் இடத்தில், என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, ஐஸ் வாய் திறந்துவிட்டது. இரண்டு அன்னங்கள் இறங்கி விடியும் முன்னே கத்துகின்றன. வாயைச் சுற்றி ஐஸ் வெள்ளை போய்ச் சாம்பலாகி, இன்று கறுத்துக் கிடக்கிறது. கறுத்த ஐஸ் அடியில் அரித்த ஐஸ்.

அவன் வண்டித் தடம் அதற்கு ஐம்பதடி தள்ளித்தான் போகிறது. போகட்டும். எனக்கென்ன?

ஏப்ரல் 21
நேற்று முழுக்கப் புதுப்பனி. கறுப்பெல்லாம் மூடி, ஏரி வெள்ளைத் துணி விரித்த கல்யாண மேஜை மாதிரி இருக்கிறது. எதிர்க்கரையிலிருந்து பார்ப்பவனுக்கு எல்லாம் ஒரே வெள்ளைதான்.

காலையில் தரை இறுகியிருக்கும்போதே போய், அவன் தடத்துக்குக் குறுக்கே ஊசியிலைக் கிளைகளை அபாயக் குறியாக நட்டுவிட்டு வந்தேன். அவனுக்காக அல்ல. ஹெல்வி பாவம், அவனைக் கட்டிக்கொண்டதைத் தவிர வேறு தப்புச் செய்யாதவள். அதோடு அந்தத் தண்ணீரில் நான் வலை போடுகிறவள். அவன் மூழ்கிக் கிடந்த தண்ணீரில் பிடித்த மீனை எப்படித் தின்பது?

ஏப்ரல் 22
கிளைகளையெல்லாம் பிடுங்கி என் வாசலில் கொட்டிவிட்டான். வண்டியை அணைக்கவுமில்லை.

"வழியை மறிக்கிறியா? ஏரி என்ன உங்கப்பன் சொத்தா?"

ஐஸ் தாங்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "ஆமா, எங்கப்பன் சொத்துதான்."

அவன் போன பிறகு ஹெல்விக்குப் போன் போட்டேன். ஆறு மாதத்தில் முதல் தடவை. ஓடை வாய்ப் பக்கம் ஐஸ் செத்துப்போச்சு, சுற்றிப் போகச் சொல் என்றேன். அவள் சொல்கிறேன் என்றாள். பிறகு மெல்ல, "நீ சொன்னேன்னு சொன்னா வேணும்னே அந்த வழியா போவார், ஐலா. நானே பாத்தேன்னு சொல்லிடறேன்" என்றாள்.

ஏப்ரல் 23
இடது கையால் எழுதுகிறேன்.

காலையில் வண்டிச் சத்தம் கேட்டது. ஹெல்வி சொல்லியும் கேட்கவில்லைபோல, ஓடை வாய்க்கு நேராக வந்து, பட்டென்று நின்றுபோனது. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன் என்று எழுதப் பார்த்தேன் — பொய். ஜன்னலில்தான் நின்றிருந்தேன்.

கிடங்கு ஏணியையும் கயிற்றையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். கடைசிப் பகுதி முழுக்க வயிற்றால் ஊர்ந்து, ஏணியை முன்னால் தள்ளித் தள்ளிப் போனேன். வண்டி மூழ்கிவிட்டது. தலையும் முழங்கையும் மட்டும் மேலே. உதடு நீலம். என்னைப் பார்த்ததும், "உன் நாய்..." என்று ஏதோ ஆரம்பித்தான்.

"வாய மூடு. ஏணியப் பிடி."

பிடித்தான். என்ன கனம் கனத்தான். இழுக்கும்போது வலது தோளில் ஏதோ கிழிந்தது, எனக்கே சத்தம் கேட்டது.

அடுப்பருகே உட்கார வைத்து, செத்துப்போன என் அண்ணனுடைய கம்பளிச் சட்டையைக் கொடுத்தேன். இரண்டு கோப்பை காபி குடித்தான். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வெளியே தள்ளியிருப்பேன். ஹெல்வி கரையைச் சுற்றிக் காரில் வந்ததும் கதவருகே நின்று சொன்னான்:

"மானைத் துரத்துனா எந்த நாயையும் இன்னமும் சுடுவேன்."

"சுடுவ. தெரியும்."

ஏப்ரல் 24
மருத்துவர் கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டுக் கட்டிவிட்டார். கோடை முடியும்வரை கனம் தூக்கக் கூடாதாம். வலை யார் இழுப்பது, அவரா?

மே 9
மழை. ஐஸ் கரையை விட்டு விலகிவிட்டது.

மே 17
நேற்றுக் காற்றில் ஐஸ் முழுக்க உடைந்து தென்கரையில் குவிந்தது. காலையில் எழுந்தால் ஏரி திறந்து கிடக்கிறது. என் படகும் தண்ணீரில். குளிர்காலம் முழுக்கக் கரையில் கவிழ்ந்து கிடந்த படகு — யாரோ நிமிர்த்தி, விரிசலுக்குத் தார் பூசி, இறக்கிக் கட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. ஓஸ்மோ போடும் முடிச்சு எனக்குத் தெரியாதா?

யார் கேட்டார்கள்? பத்திக்கொண்டு வந்தது. அவிழ்த்துத் திரும்பக் கரையேற்றப் பார்த்தேன். ஒற்றைக் கைக்கு அது அசையவில்லை. சேற்றில் உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

தலை நிமிர்ந்தபோது எதிர்க்கரையில் அவன் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாகவோ. மெல்லக் கையைத் தூக்கினான்.

நான் தூக்கவில்லை. வலது கைதான் எழும்பாதே.

இடது கை ஒன்று இருந்தது. வீட்டுக்குள் வந்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. வெளியே போய்ப் பார்த்தேன். அவன் போய்விட்டிருந்தான்.